பத்திரத்தில் பாதி என் பெயர்: வீட்டுக்கடன் வரிச் சலுகையில் நாங்கள் பட்டதும் கற்றதும்

2021 பிப்ரவரி மாதச் சம்பளம் ஏறிய அன்று சாயங்காலம், சட்டையைக்கூட மாற்றாமல் என் கணவர் போனை என் முன்னால் நீட்டினார். வழக்கமாக வரும் தொகையில் 15,600 ரூபாய் குறைந்திருந்தது. சம்பளச் சீட்டைத் திறந்து பார்த்தால் டி.டி.எஸ் (சம்பளத்திலேயே பிடிக்கும் வருமான வரி) என்ற இடத்தில் மட்டும் எண் பெரிதாகியிருந்தது. "அடுத்த மாசமும் இதே அளவு பிடிப்பாங்களாம்" என்றார். இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 31,200 ரூபாய்.

அப்போது பல்லாவரத்தில் 11,000 ரூபாய் வாடகைக்குக் குடியிருந்தோம். கூடுவாஞ்சேரியில் நாங்கள் வாங்கியிருந்த ஃபிளாட், மூன்றாம் தளத்துக்கு கான்கிரீட் போட்டதோடு நின்றிருந்தது. கொரோனாவுக்குப் பயந்து ஊருக்குப் போன வேலையாட்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. ஒரு பக்கம் வாடகை, இன்னொரு பக்கம் கட்டி முடியாத வீட்டுக்கு வட்டி. மகளுக்கு கடைசி டேர்ம் ஃபீஸ் கட்டவேண்டிய நேரம் வேறு. ஃபீஸை இரண்டு தவணையாக வாங்கிக்கொள்ளச் சொல்லி ஸ்கூல் ஆபீஸில் போய் நின்றது நான்தான். அந்த மேசைக்கு முன்னால் நின்ற பத்து நிமிடம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நடந்தது இதுதான். ஏப்ரல் மாதம் கம்பெனியில் எல்லோரிடமும் வரிச் சேமிப்பு டிக்ளரேஷன் வாங்குவார்கள். "வீட்டு லோன் வட்டி" என்ற கட்டத்தில் என் கணவர் தோராயமாக 1,50,000 என்று போட்டிருந்தார். அதை நம்பி மாதாமாதம் குறைவாக வரி பிடித்தார்கள். ஜனவரியில் புரூஃப் கேட்டபோது பேங்க் கொடுத்த வட்டிச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அக்கவுண்ட்ஸில் இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, "சார், பொசஷன் லெட்டர் இல்லையே?" என்று கேட்டிருக்கிறாள். வீட்டை ஒப்படைத்ததாக பில்டர் தரும் கடிதம் அது. வீடு இன்னும் முடியவில்லை என்று இவர் சொல்ல, "அப்போ இந்த வருஷம் எடுக்க முடியாது சார்" என்று சொல்லிவிட்டாள். 1,50,000 ரூபாய்க்கு 20 சதவீத வரி 30,000. அதன்மேல் 4 சதவீத செஸ் 1,200. ஆக 31,200.

அந்தப் பெண் சொன்னது சரி. வீடு கட்டி முடிந்து சாவி கைக்கு வந்த நிதியாண்டிலிருந்துதான் வட்டியைக் கழிக்க முடியும். கடன் வாங்கிய தேதியோ, வட்டி கட்ட ஆரம்பித்த தேதியோ இங்கே கணக்கில்லை. இதை லோன் போட்டுக்கொடுத்தவரும் சொல்லவில்லை, பில்டர் ஆபீஸிலும் சொல்லவில்லை. "ரெண்டு பேரும் சேர்ந்து லோன் போட்டா ஆளுக்கு ரெண்டு லட்சம், மொத்தம் நாலு லட்சம் டாக்ஸ் ஃப்ரீ" என்று மட்டும் எல்லோரும் சொன்னார்கள்.

இப்போது இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. லேபில் என்னோடு வேலை செய்யும் பெண் மறைமலை நகரில் ஃபிளாட் பார்த்திருக்கிறாள். "அக்கா, லோன் போட்டா டாக்ஸ்ல ரெண்டு லட்சம் திரும்ப வருமாமே?" என்று கேட்டாள். ஐந்து வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு லட்சம் திரும்ப வராது. வருமான வரிச் சட்டம் 24(பி) பிரிவின்படி, நாமே குடியிருக்கும் வீட்டுக்குக் கட்டும் வட்டியில் வருடத்துக்கு 2,00,000 ரூபாய் வரை நம் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். கழிப்பது வருமானத்திலிருந்துதானே தவிர வரியிலிருந்து இல்லை. பழைய வரிமுறையில் (புதியதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்) 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு இதில் மிச்சமாவது 62,400 ரூபாய். 20 சதவீத அடுக்கில் 41,600. வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே இல்லாதவருக்கு ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் 2009-இல் முதல் வீடு வாங்கியவர்களுக்கு 8,000 டாலர் வரை கட்டவேண்டிய வரியிலேயே நேராகக் குறைத்தார்கள், வரி போதாவிட்டால் மீதியைக் கையில் கொடுத்தார்கள். நம் ஊரில் அப்படி இல்லை. இந்த வித்தியாசம் புரியாமல் "டாக்ஸ் மிச்சமாகுது" என்பதற்காகவே இன்னொரு ஐந்து லட்சம் அதிகமாக லோன் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன்.

ஃபிளாட்டின் விலை 43 லட்சம். 2019 டிசம்பரில் 32 லட்சத்துக்கு லோன் சாங்ஷன் ஆனது. மீதி 11 லட்சத்தில் ஏறத்தாழ பாதி என் பணம். என் பி.எஃப்.பில் எடுத்தது, அம்மா போட்ட நகையில் பன்னிரண்டு பவுன் விற்றது, சீட்டு எடுத்தது எல்லாம் சேர்த்து 5,40,000 ரூபாய். லோனிலும் நாங்கள் இருவருமே கடன்தாரர்கள். 2020 ஜனவரியில் பத்திரப் பதிவு. பதிவுக்கு மூன்று நாள் முன்னால் பில்டர் ஆபீஸில் பத்திர எழுத்தர் கொடுத்த வரைவைப் படித்துக்கொண்டிருந்தேன். நிலத்தில் பிரிக்கப்படாத பாகம் இத்தனை சதுர அடி, நான்கெல்லை, கிழக்கே முப்பதடி ரோடு என்று எல்லாம் சரியாக இருந்தது. "வாங்குபவர்" என்ற இடத்தில் மட்டும் என் கணவர் பெயர் தனியாக இருந்தது.

"லோன்ல உங்க பேர் இருக்கே மேடம், அது போதும்" என்றார் எழுத்தர். என் கணவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அன்றைக்கே குரோம்பேட்டையில் அவருடைய சித்தப்பாவுக்குத் தெரிந்த ஆடிட்டரிடம் போனோம்.

ஆடிட்டர் முதலில் சொன்னது, லோனில் பெயர் இருந்தால் மட்டும் போதாது என்பது. வட்டியைக் கழிக்க வேண்டுமென்றால் வீட்டுக்கும் சொந்தக்காரராக இருக்க வேண்டும், கடனையும் நாமே கட்ட வேண்டும். பத்திரத்தில் பெயர் இல்லாமல் இ.எம்.ஐ மட்டும் கட்டினால் ஒரு ரூபாய்கூடக் கழிக்க முடியாது. பத்திரத்தில் பெயர் இருந்து லோனில் இல்லையென்றாலும் அதே கதைதான். இரண்டிலும் இருந்தால், பத்திரத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதியிருக்கிறதோ அந்தக் கணக்கில் இருவரும் தனித்தனியாக ஆளுக்கு 2,00,000 வரை கழிக்கலாம்.

அப்புறம் எங்கள் இருவர் சம்பளத்தையும் ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டு கூட்டிக் கழித்துப் பார்த்தார். "அம்மா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க சம்பளத்துக்கு வரியே பெருசா வராது. உங்க பங்குக்கு வர்ற வட்டி வீணாத்தான் போகும். சாருக்கு 80, உங்களுக்கு 20-ன்னு எழுதினா வருஷத்துக்கு பதினஞ்சு, இருபதாயிரம் மிச்சம் பண்ணலாம். இருபது வருஷ லோன். மூணு நாலு லட்சம் ஆகுது" என்றார்.

அவர் சொன்னதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. சட்டமும் அதுதான். ஆனால் என் பணம் கிட்டத்தட்ட பாதி போட்டிருக்கிறேன், இ.எம்.ஐ.யிலும் பாதி நான்தான் கட்டப்போகிறேன். பிறகு ஏன் ஐந்தில் ஒரு பங்கு? அன்று ராத்திரி வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. சண்டையாக ஆகவில்லை, ஆனால் லேசான பேச்சாகவும் இல்லை. அத்தைதான் முடித்துவைத்தார். "அவ நகையை வித்துட்டு வந்திருக்கா. பாதி அவ பேர்ல எழுதுறதுக்கு என்னடா யோசனை?" என்று மகனிடம் கேட்டார். பத்திரத்தில் ஆளுக்குச் சரிபாதி என்று எழுதினோம்.

அந்தப் பதிவுக்கு முத்திரைத்தாள் 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 4 சதவீதமும் கட்டினோம். 2017 ஜூனிலிருந்து அப்போது அதுதான் தமிழ்நாட்டில் நடைமுறை. முத்திரைக் கட்டணத்தையும் 80சி-யில் (பி.எஃப், எல்.ஐ.சி, வீட்டுக்கடன் அசல் போன்றவற்றை ஒன்றரை லட்சம் வரை வருமானத்திலிருந்து கழிக்கும் பிரிவு) காட்டலாம், ஆனால் கட்டிய அந்த ஒரு வருடத்தில் மட்டும்தான். எங்களுக்கு அந்த வருடம் வீடு முடியவில்லை என்பதால் காட்ட வேண்டாம் என்றார் ஆடிட்டர். வீடு முடிந்த வருடத்திலோ அந்தச் செலவு இல்லை. அதனால் அது எங்களுக்குப் போனது போனதுதான். கட்டி முடித்த வீட்டை வாங்குகிறவர்கள் இதை விட்டுவிடாதீர்கள்.

அன்றைக்கு ஆடிட்டரிடம் பத்திரத்தைப் பற்றி மட்டும் கேட்டோம். கம்பெனி டிக்ளரேஷனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த 31,200 ரூபாய் அடி விழுந்திருக்காது. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும், தெரிந்திருக்காது. வருடம் முழுக்கச் சேர்த்தால் வரி ஒன்றுதான். ஆனால் வாடகைக்கும் வட்டிக்கும் நடுவில் இருக்கும் குடும்பத்துக்கு, அது கடைசி இரண்டு மாதத்தில் மொத்தமாக வந்து நிற்பது வேறு விஷயம்.

நல்லவேளையாக எங்களுக்குக் கைகொடுத்தது வேறொன்று. பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனாவின் வட்டி மானியம். குடும்ப வருமானம் வருடத்துக்கு 12 லட்சத்துக்கு மேல் 18 லட்சம் வரை உள்ளவர்களுக்கு, கடனில் முதல் 12 லட்சத்துக்கு 3 சதவீத வட்டி மானியம் என்று அப்போது இருந்தது. இருபது வருடத்துக்கும் உரிய மானியத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்து ஒரே தடவையில் லோன் கணக்கில் வரவு வைப்பார்கள். அந்தப் பிரிவில் அதிகபட்சம் 2,30,156 ரூபாய். நாங்கள் பேங்க் மூலமாகவே விண்ணப்பித்தோம். இருவரின் ஆதார், வருமானச் சான்று, இந்தியாவில் எங்கும் எங்கள் பெயரில் பக்கா வீடு (நிரந்தரமாகக் கட்டிய வீடு) இல்லை என்ற உறுதிமொழி எல்லாம் கொடுத்தோம். 2020 அக்டோபரில் லோன் ஸ்டேட்மென்ட்டில் அந்தத் தொகை அப்படியே கழிந்திருந்தது. கையில் ஒரு ரூபாய் வரவில்லை. ஆனால் அசல் குறைந்ததால் வட்டியும் குறைந்தது. வரிக் கழிவில் பல வருடம் சேர்த்தும் கிடைக்காதது இந்த ஒரு வரவில் கிடைத்தது.

இந்த மானியத்தில் என் கணவரின் பெரியப்பா மகனுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். அவருக்கும் வருமானம் எங்கள் அளவுதான். ஆனால் செஞ்சிப் பக்கம் ஊரில் இருக்கும் ஓட்டு வீட்டை இடித்துக் கட்டிய மாடி வீட்டை, அவர் அப்பா அன்பாக இவர் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவைத்திருந்தார். அந்த வீட்டில் இவர் ஒரு நாள்கூடக் குடியிருக்கவில்லை. ஆனாலும் பெயரில் வீடு இருக்கிறது, அதனால் மானியம் இல்லை. அப்பா பெயரிலேயே இருந்திருந்தால் கிடைத்திருக்கும், ஏனென்றால் திட்டத்தின் கணக்கில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள்தான். வயதான பெற்றோர் சொத்தை எழுதிவைப்பது அவர்கள் விருப்பம், அதில் தலையிடக் கூடாது. ஆனால் வீடு வாங்கும் யோசனை இருக்கிறவர்கள் அதை முன்கூட்டியே அப்பா அம்மாவிடம் சொல்லிவைப்பது நல்லது.

மானியம் வந்ததோடு முடியவில்லை. முதல் தவணைக் கடன் வந்து 36 மாதத்துக்குள் வீடு முடிந்ததாகச் சான்று கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மானியத்தைத் திரும்பப் பிடிப்பார்கள் என்று பேங்கிலிருந்து 2022-இல் கடிதம் வந்தது. எங்களுக்கு முதல் தவணை 2020 ஜனவரி. பில்டர் ஒவ்வொரு மாதமும் "அடுத்த மாசம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, அதே பிளாக்கில் மானியம் வாங்கியிருந்த ஏழு குடும்பம் சேர்ந்து அவர் ஆபீஸுக்குப் போனோம். தனித்தனியாகப் போனபோது கிடைத்த டீயும் சமாதானமும் அன்றைக்குப் போதவில்லை. 2022 ஆகஸ்டில் பணி நிறைவுச் சான்றும் சாவியும் வந்தன. ஆடி முடிந்து ஆவணியில் பால் காய்ச்சினோம்.

கட்டுமானத் தாமதம் வரியிலும் உதைக்கும். கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் வீடு முடிய வேண்டும். எங்களுக்கு அந்தக் கெடு 2025 மார்ச் 31. அதைத் தாண்டினால் 2,00,000 என்ற வரம்பு 30,000 ஆகச் சுருங்கிவிடும். வீடு கட்டுகிறவர் செய்த தாமதத்துக்கு வாங்குகிறவர் வரியிலும் அனுபவிக்க வேண்டியிருப்பது எனக்கு நியாயமாகவே படவில்லை. ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. புக் பண்ணும்போது ஒப்பந்தத்தில் ஒப்படைப்புத் தேதியை அடித்துப் பேசி எழுதவைக்க இதுவும் ஒரு காரணம்.

வீடு முடியும் வரை கட்டிய வட்டி மொத்தமாகப் போய்விடாது என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. கடன் வாங்கிய நாளிலிருந்து, வீடு முடிந்த நிதியாண்டுக்கு முந்தைய மார்ச் 31 வரை கட்டிய வட்டியைக் கூட்டி, அதை ஐந்தால் வகுத்து, வீடு முடிந்த வருடத்திலிருந்து ஐந்து வருடம் கழித்துக்கொள்ளலாம். எங்களுக்கு 2019-20-இல் 18,000, அடுத்த வருடம் 1,08,000, அதற்கடுத்த வருடம் 1,74,000. கூட்டினால் 3,00,000. வருடத்துக்கு 60,000. இதுவும் அந்த 2,00,000 வரம்புக்குள்தான் அடங்க வேண்டும்.

இதற்கு ஒவ்வொரு வருடத்து வட்டிச் சான்றிதழும் தேவை. நான் முதல் வருடத்துச் சான்றிதழை வாங்கவே இல்லை. வரிக்கு ஆகாது என்று ஆனபின் எதற்கு என்று விட்டுவிட்டேன். 2022-இல் அதைக் கேட்டுப் பேங்குக்குப் போனால், எங்கள் லோனைப் பார்த்தவர் மாறுதலாகிப் போயிருந்தார், கணக்கு வேறொரு கிளைக்குப் போயிருந்தது. இரண்டு சனிக்கிழமை அலைந்துதான் வாங்கினேன். வீடு முடியாத வருடங்களிலும் ஏப்ரல் மாதம் வந்தவுடன் சான்றிதழை இறக்கி, மெயிலில் உங்களுக்கே ஒன்று அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். லோனுக்கு பேங்க் பிடிக்கும் பிராசஸிங் கட்டணமும் சட்டத்தில் வட்டி என்ற சொல்லுக்குள்தான் வருகிறது. அந்த ரசீதையும் கூடவே வையுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் ஜனவரியில் பெரிதாகும். கூட்டு லோனுக்கு பேங்க் ஒரே சான்றிதழ்தான் தரும், அதில் மொத்த வட்டியும் இருக்கும். யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று பிரித்துத் தராது. இருவர் ஆபீஸிலும், "மற்றவர் இவ்வளவுதான் எடுக்கிறார்" என்று கையெழுத்துப் போட்ட தாள் கேட்டார்கள். பத்திர நகலையும் சேர்த்துக் கொடுத்தோம். அதோடு ஆடிட்டர் சொன்னபடி, இ.எம்.ஐ 25,000-இல் என் பாதி 12,500-ஐ ஒவ்வொரு மாதமும் என் சம்பளக் கணக்கிலிருந்து லோன் போகும் கணக்குக்கு மாற்றிவிடுவேன். யார் கட்டினார்கள் என்று என்றைக்காவது கேட்டால் காட்ட ஒரு தடம் வேண்டும்.

இப்போது அந்தப் பங்குக் கணக்குக்கு வருகிறேன். 2022-23-இல் எங்களுக்கு அந்த வருடத்து வட்டி 2,40,000, பழைய வட்டியின் ஐந்தில் ஒரு பங்கு 60,000. ஆக 3,00,000. ஆளுக்கு 1,50,000.

என் சம்பளம் 6,60,000. நிலைக் கழிவு (சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கும் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) 50,000, 80சி-யில் பி.எஃப் 40,000, என் பங்கு அசல் 30,000. மீதி 5,40,000. பழைய வரிமுறையில் 5,00,000 வரை வந்தால் வரியே இல்லை. அதாவது எனக்கு 40,000 ரூபாய் வட்டி போதும். மிச்சம் 1,10,000 என்னிடம் சும்மா கிடந்தது. அவருக்கு வாடகைப் படிக் கழிவு போக 10,20,000. நிலைக் கழிவு போனது, 80சி-யின் ஒன்றரை லட்சம் பி.எஃப், எல்.ஐ.சி, மகளின் ஸ்கூல் ஃபீஸ் இவற்றிலேயே நிரம்பிவிட்டது. வீட்டுக்கடன் அசலால் அவருக்கு ஒரு பைசா பயனில்லை. பலருக்கும் இதுதான் நிலைமை, ஆனால் லோன் விற்கிறவர்கள் 80சி-யைத் தனிச் சலுகை மாதிரி சொல்வார்கள். வட்டி 1,50,000 கழித்தபின் அவருக்கு வரிக்குரிய வருமானம் 6,70,000.

ஆடிட்டர் சொன்ன 80:20 எழுதியிருந்தால் என் கணவர் 2,40,000 கழித்திருப்பார். 2,00,000-க்கு மேற்பட்ட 40,000-க்கும் அப்போது வழி இருந்தது. 80ஈஈஏ என்று ஒரு பிரிவு. 2019 ஏப்ரல் 1 முதல் 2022 மார்ச் 31 வரை சாங்ஷன் ஆன கடனுக்கு, முத்திரை மதிப்பு 45 லட்சத்துக்குள் இருந்து, வேறு வீடு இல்லாதிருந்தால், கூடுதலாக 1,50,000 வரை வட்டி கழிக்கலாம். எங்கள் கடன் அதில் பொருந்தியது. ஆக 90,000 ரூபாய் கூடுதலாகக் கழிந்து, வரி 18,720 ரூபாய் குறைந்திருக்கும். ஆடிட்டர் 2020-இல் பேப்பரில் எழுதிக் காட்டிய பதினஞ்சு இருபதாயிரத்துக்குள்தான் வந்தது. என் கணவர் அந்த வருடம் ரிட்டர்ன் போட்டுவிட்டு அந்த எண்ணை என்னிடம் சொன்னார். குத்திக்காட்டவில்லை, சொன்னார், அவ்வளவுதான். நான் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தேன்.

அதற்கு அடுத்த வருடமே கணக்கு மாற ஆரம்பித்தது. 2023-24 முதல் புதிய வரிமுறை இயல்பான முறையாகிவிட்டது, பழையது வேண்டுமென்றால் நாம் கேட்டு எடுக்க வேண்டும். புதியதில் வரி விகிதங்கள் குறைவு, ஆனால் சொந்தக் குடியிருப்பு வீட்டின் வட்டி, 80சி, 80ஈஈஏ எதுவும் கிடையாது. வரிக்குரிய வருமானம் 7,00,000 வரை அதில் வரி இல்லை. என் சம்பளம் அந்த வருடம் 7,00,000. நிலைக் கழிவு போக எந்தத் தாளும் கொடுக்காமலேயே எனக்கு வரி பூஜ்யம். வீட்டுக்கடனைக் காட்டவேண்டிய தேவையே இல்லாமல் போனது. அவருக்கு மட்டும் பழைய முறை சில ஆயிரம் ரூபாய் லாபமாக இருந்ததால் அதிலேயே இருந்தார். 2024-25-இல் அவருக்கும் புதியதுதான் குறைவாக வந்தது, மாறிவிட்டார். 2025-26-இல் புதிய முறையில் 12,00,000 வரை வரி இல்லை, சம்பளக்காரர்களுக்கு நிலைக் கழிவோடு 12,75,000. அவர் சம்பளம் அதற்குள் அடங்கிவிட்டது.

ஐந்து வருடம் கழித்துக்கொள்ளலாம் என்று அலைந்து திரிந்து சான்றிதழ் வாங்கிய அந்த மூன்று லட்சம் வட்டியில், நான் ஒரு தவணைதான் எடுத்தேன், அவர் இரண்டு. மீதித் தவணைகளுக்கு இப்போது வேலை இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை, வரியே இல்லாதபோது எதைக் கழிப்பது? பாதிப் பங்கு எழுதியதால் நாங்கள் விட்ட வரியை மூன்று வருடத்துக்கும் கூட்டிப் பார்த்தேன். ஐம்பதாயிரத்துக்குள் வந்தது. இருபது வருடத்தில் மூன்று நாலு லட்சம் என்ற பேச்சு மூன்றாவது வருடத்தோடு நின்றுவிட்டது. பத்திரத்தில் பாதி என்பது அப்படியே இருக்கிறது. அன்றைக்கு 80:20 எழுதியிருந்தால், இன்றைக்கு என் பங்கை மாற்றி எழுத மறுபடி சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்க் கட்டணம் கட்ட வேண்டியிருந்திருக்கும்.

இன்னும் பழைய முறையே லாபமாக இருப்பவர்களும் உண்டு. கடன் பெரிதாக இருந்து, இருவருமே 30 சதவீத அடுக்கில் இருந்தால் இரண்டு முறையிலும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வாடகைக்கு விட்ட வீடென்றால் புதிய முறையிலும் வாடகை வருமானத்துக்கு எதிராக வட்டியைக் கழிக்கலாம், ஆனால் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. 80சி-யில் அசலைக் காட்டியவர்கள், சாவி வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள் வீட்டை விற்றால், காட்டியதெல்லாம் விற்ற வருடத்து வருமானத்தில் சேர்ந்துவிடும். நான் சொல்லியிருக்கும் பிரிவு எண்கள் 1961 சட்டத்தின் எண்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறை என்பதால் எண்கள் மாறும்.

லேபில் இருக்கும் அந்தப் பெண்ணின் கணக்கையும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து போட்டோம். வீடு 34 லட்சம், லோன் 24 லட்சம், இருவர் சம்பளமும் சேர்த்து வருடத்துக்கு 8,40,000. புதிய முறையில் அவர்கள் இருவருக்குமே வரி இல்லை. அதனால் வரிச் சலுகை என்ற பேச்சே அவர்களுக்கு இல்லை. இதைச் சொன்னதும் அவள் முகம் வாடிவிட்டது. ஆனால் 2024 செப்டம்பரில் தொடங்கிய ஆவாஸ் யோஜனா நகர்ப்புறத் திட்டம் 2.0-இல், வருமானம் 9 லட்சம் வரை, வீட்டு மதிப்பு 35 லட்சம் வரை, கடன் 25 லட்சம் வரை இருந்தால் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம் உண்டு. அதிகபட்சம் 1,80,000 ரூபாய், ஐந்து வருடத் தவணையாக லோன் கணக்கில் வரும். அவளுக்கு எல்லா எண்ணும் மயிரிழையில் பொருந்துகிறது. பில்டர் கார் பார்க்கிங், கிளப் ஹவுஸ் என்று சேர்த்து வீட்டு விலையை 36 லட்சம் ஆக்கப் பார்க்கிறாராம். 35-ஐத் தாண்டும் அந்த ஒரு லட்சத்தில் மொத்த மானியமும் போய்விடும், உறுதியாகப் பேசு என்று சொன்னேன். பேங்கில் விண்ணப்பிக்கும் முன் அவள் கணவர் பெயரில் ஊரில் ஏதாவது வீடு எழுதியிருக்கிறதா என்று மாமனாரிடம் கேட்கச் சொன்னேன். இல்லையாம்.

போன வாரம் பத்திர வரைவை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். வாங்குபவர் என்ற இடத்தில் இரண்டு பெயரும் இருந்தன. ஆளுக்கு எத்தனை பங்கு என்று மட்டும் எழுதவில்லை. அந்த வரியில் ஒரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன்.